பத்தொன்பது இஞ்சு

அளவு என்று வந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் யாரையும் ஒரு வழிக்குக் கொண்டுவர முடியாது. துணி மீட்டரில், பூ முழத்தில், நிலம் சென்டில், சாலை கிலோமீட்டரில். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டால் பால்குடி மறந்த பிள்ளைகூட அடியில்தான் சொல்லும். மாப்பிள்ளை அஞ்சடி எட்டிஞ்சு, கட்டில் ஆறடி, ஜன்னல் நாலடி. அதே ஜன்னல் வைத்த வீட்டுக்கு வரைபட அனுமதி வாங்கப் போனால் அங்கே எல்லாம் மீட்டர். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையை அளந்தால் அது சென்டிமீட்டர். மனுசன் எந்த வயதில் சென்டிமீட்டரை விட்டு அடிக்கு மாறுகிறான் என்று யாராவது யோசித்திருப்பார்களா? இங்கே யாருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கிறது? சுருளிப்பட்டிப் பக்கத்து மாரீஸ்வரி ஒருத்திதான் யோசித்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

முந்தின வருசம் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிறக்கும்போதே உயிர் இல்லை. அவள் பிள்ளை முகத்தைப் பார்க்கும் முன்னால் ஆண்கள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று தாய்க்குச் சொல்லக் கூடாது என்பது அவள் புருசன் வீட்டு வழக்கம். சொன்னால் அங்கே போய் உட்கார்ந்து அழுவாளாம், அழுதால் அடுத்தது தங்காதாம். எவன் கண்டுபிடித்த வழக்கமோ, பெற்றவளைக் கேட்டா கண்டுபிடித்தான்? மாரீஸ்வரிக்கு மிஞ்சியது ஒன்றே ஒன்று. அரை மயக்கத்தில் கிடந்தபோது, திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஒருத்தி இன்னொருத்தியிடம் மெதுவாகச் சொன்னாள்: “பொம்பளப் புள்ள. நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்.” மற்றவர்களுக்குப் பிள்ளை போனால் ஒரு சட்டையாவது, கொலுசாவது மிஞ்சும். இவளுக்கு ஒரு நாற்பத்தெட்டு மிஞ்சியது. அதைத்தான் அவள் இத்தனை நாளும் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

இப்போது மறுபடி வயிற்றில் இருந்தது. எட்டாம் மாதம். புருசன் கர்ணன் திராட்சைத் தோட்டத்தில் ஒரு பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு அங்கே புதுவீடு கட்டிக்கொண்டிருந்தான். மாரீஸ்வரிக்குத் தாய்வீடு என்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் பிரசவம் முடிந்ததும் பிள்ளையோடு அவளை நேரே புதுவீட்டுக்குக் கொண்டுவந்துதான் பால் காய்ச்சுவேன் என்று அவன் ஒற்றைக் காலில் நின்றான். தாயும் பிள்ளையும் இருக்கப்போகிற அறைக்கு மட்டும் மனையடி பார்த்து நீளம் குறித்தார்கள். சுவருக்குச் சுவர் உள்கூடு பதினோரடி. பதினோரடி இருந்தால் வீட்டில் பாலும் சோறும் குறையாது என்பார்கள். ஒன்பது ஆகவே ஆகாது, அது ஆயுசுக்குக் கேடு என்பார்கள். என்ஜினீயர் வினோத்ராஜ் தேனிக்காரர், சின்ன வயசு, மீட்டரைத் தவிர வேறு பாஷை தெரியாது. பதினோரடியை அவர் 3.35 மீட்டர் என்று வரைந்து கொடுத்தார். கொத்தனார் ஈஸ்வரபாண்டி அதை மறுபடி பதினோரடியாக மாற்றிக் கட்டினார்.

பூச்சு வேலை முடிந்த அன்று கொத்தனார் அந்த அறையில் டேப்பைப் பிடித்தார். தெற்குச் சுவரில் கர்ணன் நுனியை அழுத்திக்கொண்டு நின்றான். வடக்குச் சுவரில் குனிந்து பார்த்த ஈஸ்வரபாண்டி நிமிரவே இல்லை.

“என்னண்ணே, தூங்கிட்டீகளா?”

“தம்பி, பதினொண்ணு இல்ல. ஒம்பதடி அஞ்சிஞ்சுதான் வருது.”

“வெளையாடாதீகண்ணே. கண்ணாடியப் போட்டுட்டுப் பாருங்க.”

“கண்ணாடி போட்டுத்தான்டா பாக்குறேன்.”

கர்ணன் வந்து பார்த்தான். வாசலில் நின்ற மாரீஸ்வரியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். ஒன்பதடி அஞ்சிஞ்சு. கண்ணுக்கு அறையில் ஒரு குறையும் தெரியவில்லை. பக்கத்து அறையும் அதே அளவுதான், அங்கே டேப் சுளையாகப் பதினொன்று காட்டியது. கொத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. நாற்பது வருசமாகக் கரண்டி பிடித்த மனுசன், ஒன்றரை அடிக்கு மேல் தப்பாகச் சுவர் வைப்பாரா?

வினோத்ராஜைப் போன் போட்டு வரவழைத்தார்கள். அவர் வண்டியை நிறுத்தும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். அதே டேப்பை வாங்கி அதே இடத்தில் பிடித்து, இஞ்சு ஓரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சென்டிமீட்டர் ஓரத்தைப் படித்தார்.

“மூணு புள்ளி மூணு அஞ்சு. பெர்ஃபெக்ட்டா இருக்குண்ணா. இதுக்கா கூப்ட்டீங்க?”

“இன்னொரு ஓரத்தப் பாருங்க சார்” என்றார் கொத்தனார்.

பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பையிலிருந்து லேசர் மிஷினை எடுத்துத் தெற்குச் சுவரில் வைத்து அமுக்கினார். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்தது. மிஷின் 3.35 என்றது. பட்டனை அமுக்கி அடிக்கு மாற்றினார். ஒன்பதடி அஞ்சிஞ்சு. மறுபடி மீட்டர், மறுபடி அடி. ஒரே புள்ளி, ஒரே சுவர். பேட்டரியை மாற்றினார். பக்கத்து அறைக்குப் போய் அடித்தார், அங்கே இரண்டும் பொருந்தின. திரும்பி வந்தார், இங்கே பொருந்தவில்லை. பிறகு அவருக்குப் போடியில் ஒரு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குப் போனவர்தான், அதன் பிறகு அந்த வீட்டு வேலை முழுவதையும் போனிலேயே பார்த்துக்கொண்டார்.

மிஷின் கிடக்கட்டும், டைல்ஸ் பொய் சொல்லுமா? ரெண்டுக்கு ரெண்டு டைல்ஸைப் பதினோரடிக்குக் கணக்குப் போட்டு இறக்கியிருந்தார்கள். சுவரோடு சுவராகப் பாவி முடித்த பிறகும் வரிசைக்கு முக்கால் டைல் மிச்சம் நின்றது. தரையில் ஒரு விரல் இடைவெளி இல்லை. ஆனால் சுவர் நீளத்துக்கு மீட்டர் கணக்கில் எடுத்த ஜன்னல் துணி கச்சிதமாக நின்றது. அடிக்கணக்கில் வந்ததெல்லாம் மிச்சம், மீட்டர் கணக்கில் வந்ததெல்லாம் சரி. கர்ணன் மிச்ச டைல்ஸை வெளியே அடுக்கிவிட்டு, அதைப் பார்க்கக் கூடாது என்று சாக்கைப் போட்டு மூடினான்.

மாரீஸ்வரிக்கு வேறொன்று நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் வடக்குச் சுவரை ஒட்டி நின்றால் அவளுக்கு மார்பு கனத்தது. இரண்டு எட்டு தள்ளி நின்றால் ஒன்றும் இல்லை. ஒரு மத்தியானம் துடைப்பத்தோடு அங்கே போனவள், ரவிக்கை நனைந்து பால் கசிவதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். குழந்தை அழுதால்தான் இப்படிச் சுரக்கும் என்று கேள்விப்பட்டிருந்தாள். அறையில் எந்தச் சத்தமும் இல்லை. காதுக்குக் கேட்காததை உடம்பு எப்படிக் கேட்டது? அவளுக்குப் பயமாக இருந்தது. ஆனால் வெளியே போகவும் மனசு வரவில்லை. வயிற்றுக்குள் இருந்ததும் அந்த நேரம் பார்த்து ஒரு புரளு புரண்டது.

ஈஸ்வரபாண்டி கடைசியில் வாயைத் திறந்தார். “தம்பி, இது சுவத்துத் தப்பு இல்ல. மண்ணுக்குள்ள ஏதோ கெடக்கு. எலும்பா இருக்கும். அது கெடக்குற வீட்டுல புள்ள தங்காதும்பாக. வடக்கோரத்துல நாலு டைல்ஸப் பேத்துத் தோண்டி, இருக்கறத எடுத்து ஆத்துல விட்டுட்டாச் சரியாயிரும்.”

புள்ள தங்காது என்ற வார்த்தையில் கர்ணன் முகம் வற்றிப்போனதை மாரீஸ்வரி பார்த்தாள். அவன் பயந்தது நியாயம்தான். அவளும்தான் பயந்தாள். ஒன்றைப் பறிகொடுத்தவளுக்கு இரண்டாவதை வயிற்றில் சுமப்பது லேசான காரியமா? ஆனால் அவன் முகத்தில் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அது என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

“காலையில தோண்டிருவோம்ணே” என்றான் கர்ணன், அவளைப் பார்க்காமல்.

காலையில் அவர்கள் வருவதற்கு முன்னால் மாரீஸ்வரி டேப்பை எடுத்துக்கொண்டு புதுவீட்டு முற்றத்துக்குப் போனாள். டேப்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டால் நல்லது என்று அவளுக்கு ஒரு நப்பாசை. வெயிலில் தரையில் நீட்டிப் பார்த்தாள். பதினோரடியும் முன்னூற்று முப்பத்தைந்தும் எதிரெதிரே ஒழுங்காக நின்றன. டேப் மேல் பழி சொல்ல வழியில்லை. வெளியே இப்படி ஒட்டி நிற்கிற எண்கள் அந்த அறைக்குள் போனதும் ஒன்றை ஒன்று விட்டு விலகிவிடுகின்றன. சரி, குறைகிறதே, அது எவ்வளவுதான் குறைகிறது? ஒன்பதடி அஞ்சிலிருந்து பதினொன்றுக்கு விரல்விட்டு எண்ணினாள். ஓர் அடி ஏழு இஞ்சு. பத்தொன்பது இஞ்சு.

டேப்பைப் பத்தொன்பது வரைக்கும் சுருளவிட்டுக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தாள். அந்தப் பத்தொன்பதுக்கு நேரே, மறு ஓரத்தில், கோடு நாற்பத்தெட்டை ஒரு நூல் தாண்டி நின்றது.

மாரீஸ்வரி அந்த எண்ணின் மேல் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கையை ஊன்றி எழுந்து, உள்ளே போய், வடக்குச் சுவரை ஒட்டித் தரையில் படுத்துக்கொண்டாள்.

கடப்பாரையோடு வந்த இருவரும் வாசலிலேயே நின்றார்கள்.

“ஏ புள்ள, என்ன பண்ற? எந்திரி. தரை சில்லுனு கெடக்கு.”

“எங்கன வச்சீக?”

“எத?”

“எம்புள்ளைய எங்கன வச்சீகன்னு கேக்குறேன்.”

கர்ணன் கொத்தனாரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு இருந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“திராட்சப் பந்தலுக்குள்ளதான்... கல்லுக்கால் பக்கத்துல. நம்ம எடத்துல, நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டுமேன்னு வச்சேன். வீட்ட ரோட்டோரமாத்தான் போடுறதா இருந்துச்சு. மனை பாத்தவுக வாசல் சரியில்ல, தள்ளிப் போடுன்னாக. தள்ளுனதுல இந்த அறை வந்து அதுமேல உக்காந்துருச்சு. அஸ்திவாரம் தோண்டயில அந்த எடத்துல மட்டும் கடப்பாரை விழாமப் பாத்துக்கிட்டேன் மாரி. சத்தியமா. ஒருத்தர் கால்கூட அதுமேல...” 

“பதினோரடில எவ்வளவு கொறையுதுன்னு தெரியுமா ஒங்களுக்கு? நாப்பத்தெட்டு சென்டிமீட்டர். அவ நீளம். அவ படுத்துக் கெடக்குற எடத்த மட்டுந்தான் எடுத்துக்கிட்டா. அதுக்கு மேல ஒரு விரக்கடை கேக்கல. அதையும் பொறுக்காம ஆத்துல விடணுமா?”

“வயித்துல இருக்கறதுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா?” என்றான் கர்ணன். “அடுத்ததையும் என் கையால கொண்டுபோய் வைக்கச் சொல்றியா? என்னால முடியாது மாரி.”

மாரீஸ்வரி படுத்தபடியே வயிற்றில் கையை வைத்தாள். அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. ஆனாலும் சொன்னாள்: “அக்கா இருக்கற எடத்துக்குத்தான் தங்கச்சியோ தம்பியோ வருது. ஒண்ணும் ஆகாது. எனக்குப் பதினோரடி வேணாம்.”

ஈஸ்வரபாண்டி கடப்பாரையைச் சத்தம் வராமல் சுவரில் சாய்த்தார். “நான் தோண்டல ஆத்தா, நீ எந்திரி” என்று சொல்லிவிட்டு வெளியே போனவர், அன்று முழுக்க அந்தப் பக்கம் வரவில்லை.

அதன் பிறகு அவள் தினமும் மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்தாள். சில நாள் பேசினாள், சில நாள் சும்மா இருந்தாள். பால் கசிந்தால் துடைத்துக்கொண்டாள். பயம் போய்விட்டதா என்றால், போகவில்லை. பயத்தோடுதான் போனாள்.

வலி கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ணன் வீரபாண்டி அம்மனுக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டான். மாரீஸ்வரி ஒன்றும் நேரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். பிள்ளை பிறந்தது. பிறந்ததும் வீல் என்று அழுதது. அந்த அழுகையைக் கேட்டு அவளும் அழுதாள், வாய்விட்டு, கூச்சமே இல்லாமல். நர்ஸ் பிள்ளையை எடை போட்டு, நீட்டி அளந்து, சத்தமாகச் சொன்னாள்:

“பொம்பளப் புள்ள. நாப்பத்தெட்டு சென்டிமீட்டர்.”

மாரீஸ்வரிக்கு அழுகை நின்றது. பிறக்கிற பிள்ளைகள் முக்கால்வாசி அந்த அளவை ஒட்டித்தான் பிறக்கும் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும், பிள்ளையை மார்பில் போட்டபோது அவள் கை ஒரு கணம் தயங்கியது. பிறகு இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

புதுவீட்டில் பால் பொங்கியது. வந்தவர்கள் முன்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மாரீஸ்வரி தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அறைக்குப் போனாள். மூத்தவளிடம் தங்கச்சியைக் காட்ட வேண்டும் என்று ஆசை. வடக்குச் சுவரை ஒட்டி நின்றாள். மார்பு கனக்கவில்லை. அங்கே யாரும் இல்லாத மாதிரி இருந்தது. ஜன்னல் கட்டையில் கிடந்த டேப்பை எடுத்தாள். கொக்கியைத் தெற்குச் சுவர் ஓரத்துக் கதவு நிலையில் மாட்டி, வடக்குச் சுவர் வரைக்கும் இழுத்துப் பார்த்தாள்.

பதினோரடி. சுளையாக.

அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். எடுத்துக்கொண்டவள் திருப்பிக் கொடுத்துவிட்டாள். படுத்துக் கிடந்தவள் எழுந்துவிட்டாள். எழுந்து எங்கே போயிருப்பாள்? “வந்துட்டியா?” என்று தோளில் கிடந்ததன் காதில் கேட்டாள். “ஆத்தாட்டயே வந்துட்டியா?”  முந்தின வருசம் பார்க்கக் கிடைக்காத முகத்தை இப்போது ஆசை தீரப் பார்த்தாள். மூக்கு கர்ணன் மூக்கு. நெற்றியில் பூனைமுடி.

டேப்பைச் சுருட்டப் போகும்போதுதான் கட்டை விரல் நகர்ந்தது. விரலுக்கு அடியில் இருந்த மறு ஓரம் தெரிந்தது. இத்தனை நாளும் ஒரு நூல்கூடப் பிசகாமல் முன்னூற்று முப்பத்தைந்து காட்டிய ஓரம்.

இருநூற்று எண்பத்தேழு.

அவள் கொக்கியைச் சரிபார்த்தாள். மறுபடி பார்த்தாள். இருநூற்று எண்பத்தேழுதான். கணக்குப் போட அவளுக்குத் தாளும் வேண்டாம், விரலும் வேண்டாம். நாற்பத்தெட்டு குறைந்தது. அடியில் குறைந்தது திரும்பி வந்துவிட்டது, மீட்டரில் போய்விட்டது.  இங்கே படுத்திருந்தவள்தான் இப்போது தோளில் கிடக்கிறாள் என்றால், பத்து மாதம் வயிற்றில் கிடந்து உதைத்தவள் எங்கே?

சுவரை ஒட்டி நின்றவளுக்கு அப்போதுதான் மெல்ல மார்பு கனத்தது.

“என்ன புள்ள, அளந்தியா?” டேப் இழுக்கிற சத்தம் கேட்டு முன்னறையிலிருந்து கர்ணன் குரல் கொடுத்தான். “எவ்வளவு காட்டுது?”

அவள் டேப்பை விட்டாள். அது சரசரவென்று உள்ளே ஓடிச் சுருண்டது.

“பதினோரடி” என்றாள்.

“அண்ணே! கேட்டீகளா? பதினொண்ணாம்ணே!” கர்ணன் கத்தியதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். ஈஸ்வரபாண்டி எச்சில் கையோடு எழுந்து நின்று மேலே பார்த்துக் கும்பிட்டார். இந்த ஊரில் ஒருத்தரும் அந்த இன்னொரு ஓரத்தைப் பார்க்கப்போவதில்லை என்று மாரீஸ்வரிக்குத் தெரியும்.

அன்று சாயங்காலமே கூரையில் இரண்டு கொக்கி அடிக்கச் சொன்னாள். ஒரு பிள்ளைக்கு எதற்கு இரண்டு தொட்டில் என்று கர்ணன் கேட்டதற்கு, ஈரமானால் மாற்றிப் போட என்று சொல்லிவிட்டாள். ஒரு சேலையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டினாள், இன்னொன்றை வடக்குச் சுவரை ஒட்டிக் கட்டினாள். இரண்டுக்கும் ஒரே உயரம்.

பிள்ளை பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கன்னத்தைக் கிள்ளிவிட்டு, காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுதான் மூத்ததா?” என்கிறார்கள். மாரீஸ்வரி வடக்குப் பக்கத்துத் தொட்டிலை ஒரு தள்ளு தள்ளிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.